ஃபெங்கிடம் யார் சொல்வது

நவம்பர் 6

பதிப்பாளர் தொலைபேசியில் பேசினார். தொகுப்பு ஜனவரிக்குள் முடியாது என்றேன். கோபப்படவில்லை. அட்டையில் ‘சமகாலச் சீனக் கதைகள்: நகைச்சுவையும் கற்பனையும்’ என்று போடலாமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். நகைச்சுவை என்று முன்கூட்டி அறிவித்தால் வாசகர் சிரிப்பதில்லை என்ற தீர்மானத்தோடுதான் புத்தகத்தைத் திறப்பார். தம்பியும் இதைத்தான் சொல்வான். பட்டிமன்ற மேடையில் “இப்போது உங்கள் வயிற்றைப் பதம்பார்க்க வருகிறார் திருநாவுக்கரசு” என்று யாராவது அறிவித்தால், அன்றைக்கு முதல் ஐந்து நிமிடம் கைதட்டலே வராது என்பான்.

வாரநாட்களில் தாலுகா அலுவலகம், சனி ஞாயிறுகளில் மேடை. அதுதான் அவன் வாழ்க்கை. இப்போது மூன்று வாரமாக இரண்டுக்கும் போகவில்லை. கண் மஞ்சளாக இருக்கிறது. தெருவில் யார் வந்தாலும் கையில் கீழாநெல்லியோடு வருகிறார்கள். அவன் மனைவி உமையாள் அதை அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறாள்.

“யக்கா, இந்த வேகத்துல போனா மதுர ஜில்லாவுல ஆடு மாடு திங்க ஒரு செடி மிஞ்சாது” என்றான்.

நாளை ஸ்கேன் முடிவு.

நவம்பர் 7

டாக்டர் என்னையும் உமையாளையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். தம்பி அரசு வெளியே பெஞ்சில் பக்கத்து நோயாளியிடம் எதையோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தது கதவு வழியாகக் கேட்டது.

கணையம். கல்லீரலுக்கும் போயிருக்கிறது. அறுவைக்கு இடமில்லை. குழாய் வைத்தால் மஞ்சள் குறையும், வேறொன்றும் குறையாது. “தை, மிஞ்சிப்போனா மாசி” என்றார். டாக்டர்கள் தமிழ் மாதம் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கும் அது கொஞ்சம் மெத்தென்று இருந்திருக்கும்.

“அவர்ட்ட சொல்றதா வேணாமாங்கறத வீட்ல முடிவு பண்ணிக்கங்க.”

“சொல்லக் கூடாது சார்” என்றாள் உமையாள். “அவரு மேடையிலதான் அப்படி. உள்ளுக்குள்ள தாங்க மாட்டாரு.” பிறகு என்னைப் பார்த்தாள். “அண்ணி, நீங்களும் சொல்லக் கூடாது.”

நான் தலையாட்டினேன். இருபது வருடமாக அவனோடு வாழ்ந்தவள் அவள். டெல்லியில் சீனம் கற்பித்துவிட்டு, ஒரு வருட விடுப்பில் வந்து மாடி அறையில் தங்கியிருப்பவள் நான். முடிவு செய்யும் இடத்தில் நான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அது வசதியாகவும் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டான்: “என்னா, நான் பாஸா பெயிலா?”

“கல்லீரல்ல வீக்கமாம். கொழாய் வச்சா எறங்கிருமாம்” என்றாள் உமையாள்.

“அவ்வளவுதானா? மூஞ்சியப் பாத்து நான் அரியர்ஸ் வச்சுட்டேன்னு நெனச்சேன்.”

நவம்பர் 8

சலவைக்குப் போட்ட துணிகள் வந்தன. ஒரு புடவை குறைகிறது. கேட்கப் போகவில்லை.

நவம்பர் 14

குழாய் வைத்துவிட்டார்கள். மருத்துவமனையின் நான்காவது மாடி, ஜன்னலில் வைகை தெரிகிறது. தெரிவது வெறும் மணல்தான்.

தொகுப்பின் கடைசிக் கதையை மொழிபெயர்க்கத் தொடங்கினேன். குறுநாவல் அளவு. எழுதிய பெண்மணி ஏதோ ஒரு மாகாணத்தில் நீர்வளத் துறைக் குமாஸ்தாவாக இருந்தவராம். தொடக்கம் இப்படி:

‘ஞாயிற்றுக்கிழமை காலை பிரிவுத் தலைவர் ஃபெங் இறந்துபோனார். புதன்கிழமை தகனம் நடந்தது. வியாழக்கிழமை எட்டு மணிக்கு அவர் வேலைக்கு வந்தார்.’

இந்த எழுத்தாளர்கள் பலரிடமும் நான் பார்ப்பது இதுதான். நடக்கவே முடியாத ஒன்றை அலுவலகச் சுற்றறிக்கையின் குரலில் சொல்லிவிட்டு, அதற்கு யாரும் ஆச்சரியப்படாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். கற்பனை முதல் வரியோடு முடிந்துவிடுகிறது. மீதி எல்லாம் நிர்வாகம். ஃபெங் எப்படி வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவரிடம் விஷயத்தை யார் தெரிவிப்பது, அதற்கு எந்தப் படிநிலை அதிகாரி தகுதியானவர் என்றுதான் கூட்டம் போடுகிறார்கள். மனிதவளப் பிரிவு, அவர் சம்பளப் பட்டியலில் இல்லாததால் தங்கள் பொறுப்பில்லை என்கிறது. ஓய்வூதியப் பிரிவு, அவர் ஓய்வு பெறவில்லை என்கிறது. இதற்கிடையே எல்லாரும் அவரிடம் அளவுக்கு மீறி மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். முப்பது வருடமாகக் காலில் இடித்த நாற்காலியை மாற்றித் தருகிறார்கள். ஃபெங்குக்கு அதுதான் புரியவில்லை.

நல்ல கதை. நான் சிரிக்கவில்லை. நான் பொதுவாகவே சிரிப்பதில்லை. அதனால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

நவம்பர் 19

அரசு வீட்டுக்கு வந்துவிட்டான். மஞ்சள் கொஞ்சம் வடிந்திருக்கிறது. கூடத்தில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டிருக்கிறோம்.

“சீனத்துப் புலவரே, என்னா சரக்கு வச்சிருக்கீங்க? எறக்குங்க.”

என் எந்த மொழிபெயர்ப்பும் அவன் காதில் விழாமல் அச்சுக்குப் போனதில்லை. ஒரு வரி சிரிப்புக்கானதா இல்லையா என்பதில் எனக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது. அவனுக்குப் பிழைப்பே அது. தொகுப்பில் முதலில் வரும் சிறிய கதையைப் படித்தேன். மேகம் தயாரிக்கும் அரசாங்கத் தொழிற்சாலை, நஷ்டத்தில் ஓடுவதால் மாதம் ஒருமுறை தொழிலாளர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு மேகம் கொடுக்கிறது. கல்யாணத்துக்கு வைத்திருந்த மேகம் மழையாகப் போய்விட்டதென்று ஒரு மாமியார் அழும் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வலித்திருக்கும்.

“அடுத்தது என்னா? பெருசு ஒண்ணு வச்சிருக்கேன்னு சொன்னியே?”

உமையாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளிடம் கதையை முன்பே சொல்லியிருந்தேன்.

“இன்னும் முடிக்கல” என்றேன்.

நவம்பர் 20

“செத்தவனுக்கே செத்தது தெரியாத கதையா அண்ணி? அதப் போய் அவர்ட்டயா படிப்பீங்க?” என்றாள் உமையாள். சத்தம் வெளியே போகாதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

படிக்கவே மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான். ஆகவே ஒரு வழி செய்திருக்கிறேன். அவனுக்குப் படித்துக்காட்டும் பிரதியில் ஃபெங் சாகவில்லை. வேறொரு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறார். உத்தரவு அவர் கைக்கு வந்து சேரவில்லை. யார் சொல்வது என்ற சிக்கல் அப்படியே இருக்கும். அச்சுக்குப் போகும் பிரதியில் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை. எனவே இது மொழிபெயர்ப்புப் பிழை ஆகாது.

நவம்பர் 24

சிவகங்கைப் பக்கத்திலிருந்து விழாக் கமிட்டிச் செயலாளர் சேவுகன் பேசினார். தை மூன்றாம் வாரம் கோயில் விழா. பட்டிமன்றத்துக்கு அரசுதான் நடுவர்.

பேச்சாளராக அல்ல, நடுவராக. பதினெட்டு வருடமாக ஏதாவது ஓர் அணியில் மூன்றாவது ஆளாகப் பேசிவருகிறான். நடுநாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல ஒருவர்கூட அழைத்ததில்லை. போனை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, “மங்கக்கா, நடு சீட்டு. குஷன் வச்சது” என்றான்.

உமையாள் ஒரேயடியாக மறுத்தாள். “ஒடம்பு தேறட்டும். தையிலயா போயி நிப்பீங்க பனியில? பங்குனில வச்சுக்கங்க. பங்குனிலயும் அவங்களுக்கு ஒரு விழா இருக்குல்ல?”

அவள் சொன்னதன் காரணம் எனக்குத் தெரியும். மேடையில் விழுந்துவிடுவானோ என்ற பயம். அதோடு, தையிலேயே போகட்டும் என்றால் ஏன் அவசரம் என்ற கேள்வி வரும். பங்குனி என்று சொல்வது, பங்குனி ஒன்று இருக்கிறது என்று சொல்வது.

“நீ என்னாக்கா சொல்ற?”

“தேறினப்புறம் போனா முழுசாப் பேசலாம்.”

“அதுவும் சரிதான். மொதத் தடவையே மூச்சு வாங்கிக்கிட்டு உக்காரக் கூடாது.”

சேவுகனிடம் நானே பேசிப் பங்குனிக்கு மாற்றினேன். நல்ல மனிதர். “உடம்புதான் முக்கியம்மா” என்றார்.

டிசம்பர் 2

மாற்றிய பிரதியின் முதல் பகுதியைப் படித்தேன். சிரிக்கவில்லை. கூர்ந்து கேட்டான், அது மோசமான அறிகுறி.

“எழுதுனவங்க கெட்டிக்காரங்கதான். ஆனா ஏதோ ஒண்ணு ஒட்டல.”

டிசம்பர் 3

கேஸ் சிலிண்டர் வந்தது. வலி மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். ‘கல்லீரலுக்கான வைட்டமின்’ என்று உமையாள் பெயர் வைத்திருக்கிறாள். அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட்டுவைக்கிறாள்.

டிசம்பர் 8

தாலுகா அலுவலகத்திலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். உமையாள் வாசலிலேயே எல்லாரிடமும் விஷயத்தைச் சொல்லி உள்ளே அனுப்பியிருப்பாள். வரிசையாக உட்கார்ந்து ஆப்பிளைக் கீழே வைத்தார்கள். இவன் விடுப்பு கேட்கும்போதெல்லாம் முறைக்கும் தாசில்தார், “நீங்க எத்தன நாள் வேணாலும் எடுத்துக்கங்க சார்” என்றார். அந்தச் ‘சாரை’க் கேட்டு அரசு ஒரு நொடி யோசித்தான். அவனிடம் வாங்கிய பழைய பைக்குக்கு இன்னும் குறை சொல்லிக்கொண்டிருந்த பியூன், “வண்டி அருமையா ஓடுதுண்ணே” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் போன பின் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

“உமையா, காப்பில சீனி தூக்கலா இருக்கு.”

“மாத்தித் தரவாங்க?”

“முன்னாடியெல்லாம் ‘வேணும்னா குடி, வேணாம்னா ஊத்து’ன்னுதான சொல்லுவ?”

அவள் சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

டிசம்பர் 12

மாலையில் அடுத்த பகுதியைப் படித்தேன். அலுவலகச் சிற்றுண்டிச்சாலைப் பெண் ஃபெங்குக்கு வழக்கத்தைவிட இரண்டு கரண்டி சோறு அதிகம் போட்டுவிட்டு முந்தானையால், இல்லை, அவர்கள் வழக்கப்படி மேலங்கியின் கையால், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம். மூலத்தில் அது மிகச் சிரிப்பான இடம். தட்டு தொடப்படாமல் திரும்பி வரும்போது, உணவு வீணடிப்பு பற்றிய விதிமுறையை இறந்தவர்மேல் பயன்படுத்தலாமா என்று அவள் மேலாளரிடம் கேட்கிறாள். அதை நான் எடுத்துவிட்டிருந்தேன்.

“நிறுத்துக்கா” என்றான். “இந்தாளுக்கு டிரான்ஸ்பருங்கிற?”

“ஆமா.”

“டிரான்ஸ்பருக்கு யாராச்சும் இம்புட்டு பயப்படுவாங்களா? எங்க ஆபீஸ்ல டிரான்ஸ்பர்னா அன்னைக்கே ஸ்வீட் எங்கன்னு கேப்பாங்க. சேர யாரு எடுத்துக்குறதுன்னு சண்ட வரும். சேர மாத்திக் குடுக்க மாட்டாங்க. அப்புறம் அந்தச் சோத்துக்காரம்மா, அவ எதுக்கு அழுகுறா? அந்தாளு அவளுக்கு என்னா, முறை மாமனா?”

“அந்த ஊர்ல அப்படி.”

“எந்த ஊர்லயும் அப்படிக் கெடையாது. இது ஜோக்குக்கா. நல்ல ஜோக்கு. இதுக்குள்ள பெருசா ஒண்ணு இருந்திருக்கு, அத யாரோ உருவிட்டாங்க. பந்தல்ல நடுக்கால உருவுன மாதிரி சுத்திலும் தொங்குது.” என்னையே பார்த்தான். “அந்தாளு செத்துட்டான். அதான?”

நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“செத்துட்டான்னு வச்சுப் பாத்தா எல்லாம் சரியா வருது. சேரு, சோறு, கூட்டம், அம்புட்டும்.” அவன் குரல் இன்னும் ஒரு புதிரை அவிழ்த்தவனின் குரலாகவே இருந்தது. பிறகு இறங்கியது. “நீ கமாவக்கூட மாத்த மாட்டியேக்கா. அந்தப் பதிப்பாளர் ஒரு வார்த்தைய மாத்தினாருன்னு புஸ்தகத்தையே திருப்பி வாங்குனவ நீ. இத எதுக்கு மாத்துன?”

உமையாள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கிளிப்புகளை வாளியில் போடும் சத்தம் கேட்டது.

“எதுல?” என்று கேட்டான்.

“கணையம்.”

“எப்ப வரைக்கும்?”

சொன்னேன்.

தலையணையில் சாய்ந்துகொண்டான். “பங்குனின்னு சொன்னியே” என்றான். திட்டவில்லை. அவ்வளவுதான் சொன்னான்.

டிசம்பர் 13

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 15

இன்று உமையாள் கடைக்குப் போனதும் கூப்பிட்டான். “ஒரிஜினலப் படி. முதல்லருந்து.”

படித்தேன். ‘வியாழக்கிழமை எட்டு மணிக்கு அவர் வேலைக்கு வந்தார்’ என்ற இடத்திலேயே சிரித்துவிட்டான். ஓய்வூதியப் பிரிவு ஃபெங்கை ஏற்க மறுக்கும் பத்தியை இரண்டு தடவை படிக்கச் சொன்னான். சோற்றுக்காரப் பெண்ணின் விதிமுறைக் கேள்வியில் இருமல் வந்து நிறுத்தவேண்டியிருந்தது. நான் எழுதிய தமிழில் ஓர் இடம் நீளமாக இருக்கிறது, ‘தகனம்’ முதலில் வராமல் கடைசியில் வரவேண்டும் என்றான். மாற்றினேன். சரியாக இருக்கிறது.

முடிவில் என்ன ஆகிறது என்று கேட்டான். சொல்லப்படுவதில்லை, கடைசி வரை யாரும் சொல்வதில்லை, அடுத்த ஆண்டின் பணித்திறன் அறிக்கையில் ஃபெங்குக்கு ‘மிக நன்று’ போடுகிறார்கள் என்றேன்.

“வீட்டுல அவரு சம்சாரம்?”

“அவளும் தினம் காலையில தேநீர்க் குடுவையை நிரப்பிக் கொடுத்து அனுப்புறா.”

அதற்குச் சிரிக்கவில்லை. “உமையாட்ட சொல்லிறாத, எனக்குத் தெரியும்னு. அவ தாங்க மாட்டா.”

இதே வாக்கியத்தை நவம்பரில் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டேன். அப்போதும் தலையாட்டினேன். இப்போது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மூவரும் கல்லீரல் வீக்கம் பற்றிப் பேசுகிறோம்.

டிசம்பர் 20

தையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சேவுகனிடம் சொல்லச் சொன்னான். பேசினேன். தைக்கு வேறு நடுவரை ஏற்பாடு செய்து, நோட்டீசும் அடித்தாகிவிட்டது. “பங்குனி அவருக்குத்தாம்மா, வாக்கு மாற மாட்டேன்” என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பங்குனி ஏன் ஆகாது என்று சொன்னேன். ஒரு நாள் நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

நோட்டீஸ் அடிக்காமல் இருந்திருந்தாலும் பயனில்லை. இன்று அவனால் குளியலறை வரை நடக்க முடியவில்லை. நவம்பர் கடைசியில் நடந்தான். அப்போதே உண்மையைச் சொல்லி ஒரு மேடை கேட்டிருந்தால் ஏறியிருப்பான். இதை ஒரு தடவை மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 4

மார்கழி ஒலிபெருக்கி நான்கு திசையிலும். சட்டைகள் எல்லாம் அவனுக்குப் பெரிதாகிவிட்டன. உமையாள் பக்கவாட்டில் தைத்துச் சின்னதாக்குகிறாள். துவைத்ததில் துணி இளகிவிட்டது என்கிறாள். “ஆமா, இப்பல்லாம் துணியே சரியில்ல” என்கிறான் அவன்.

ஜனவரி 7

சேவுகன் நேரில் வந்தார். உமையாள் காப்பி போடப் போனபோது அவரும் அரசுவும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். போகும்போது ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். “சும்மா நாலு பேரு பாக்க வர்றாங்க” என்றான் அரசு அவளிடம். என்னிடம், “கதய ஒரு கால்மணி நேரத்துல சொல்ற மாதிரி சுருக்கி வையி. எதையும் உருவாம” என்றான்.

ஜனவரி 11

விவரமாக எழுதவேண்டும்.

பத்து மணிக்கு வேன் வந்தது. சேவுகன், அவரோடு அரசுவின் பழைய மேடைக் கூட்டாளிகள் இருவர், அந்தோணிராசுவும் பர்வீன் டீச்சரும். ஒரு பையன்போல் உற்சாகமாக ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார் சேவுகன். “மைக் இல்லாம நடுவரா?” என்றார். தாலுகா ஆட்கள், தெருக்காரர்கள் என்று கூடம் நிறைந்தது. கட்டிலில் மூன்று தலையணை முட்டுக்கொடுத்து அரசுவை உட்காரவைத்தோம். சேவுகன் அதற்கு மேல் ஒரு குஷனைச் செருகினார்.

உமையாள் வாசற்கோலம்கூட அழிந்துவிட்டதே என்று புலம்பிக்கொண்டு டம்ளர் அடுக்கினாள். பாட்டோ பேச்சோ ஏதோ மனத்தேறுதலுக்கு என்று நினைத்திருந்தாள்.

மைக்கைப் பிடித்து அரசு தலைப்பை அறிவித்தான். “சீன தேசத்து அதிகாரி ஃபெங்கிடம் உண்மையைச் சொல்ல வேண்டியது அலுவலகமா, இல்லமா? முதல்ல, ஃபெங்கு யாருன்னு எங்க அக்கா சொல்வாங்க. அவங்க சிரிக்க மாட்டாங்க. நீங்க சிரிக்கலாம்.”

நான் எழுந்து படித்தேன். முதல் வாக்கியத்தில் கூடம் அப்படியே நின்றது. அரசு சிரித்தான். அவன் சிரித்ததால் மற்றவர்களும் மெல்ல. நான் சமையலறை வாசலைப் பார்க்கவில்லை. ஆனால் டம்ளர் சத்தம் நின்றுவிட்டது தெரிந்தது.

அந்தோணிராசு அலுவலகத்தின் பக்கம். “நடுவர் அவர்களே! பொண்டாட்டி சொல்லணும்னு எதிரணி சொல்லப்போகுது. சம்பளம் கூடுன சேதியவே நாம வீட்டுல சொல்றதில்ல. அப்பேர்ப்பட்ட புருசனுக்கு அவ மட்டும் எதுக்கு இம்மாம் பெரிய சேதியச் சொல்லணும்?” சிரிப்பு கிளம்பியது.

பர்வீன் டீச்சர் எழுந்தார். “ஆபீஸ் சொல்லட்டும்ங்கிறாரு அண்ணன். இங்க தாலுகா ஆபீஸ்காரங்க இருக்காங்க, தப்பா நெனைக்கக் கூடாது. ஆபீஸ் சொல்லணும்னா முதல்ல ஃபைல் நகரணும். ஃபைல் நகர்ற வரைக்கும் அந்த மனுசன் செத்துப்போகவே முடியாது, நடுவர் அவர்களே!” தாசில்தாரே சிரித்தார். அரசு கட்டிலைத் தட்டினான்.

பேசிய இருவரும் பேச்சு முழுக்க அவன் முகத்தைத்தான் பார்த்தார்கள். அந்தோணிராசுவின் கடைசி வரிகள் குழறின. அதற்கும் ஒரு நகைச்சுவை சொல்லிச் சமாளித்தார்.

தீர்ப்புக்கு மைக்கை வாங்கினான். கனம் தாங்கவில்லை, சேவுகன் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு அணியும் பிரமாதமாப் பேசுனாங்க. ரெண்டு பேருமே தப்பு.” கைதட்டல். அதை அவன் கண்ணை மூடி வாங்கிக்கொண்டான். “ஃபெங்குக்குத் தெரியாதுன்னு வச்சுக்கிட்டே ரெண்டு பேரும் பேசுறாங்க. எப்படித் தெரியாம இருக்கும்? முப்பது வருசமா மொறச்ச ஆபீசரு திடீர்னு சேரு மாத்திக் குடுக்குறாரு. அவன் என்னா, மடையனா? அவனுக்கு வியாழக்கிழமையே தெரியும். வீட்டுல உக்காந்திருந்தா பொண்டாட்டி அழுவாளேன்னு ஆபீசுக்கு வந்தான். ஆபீஸ்ல இருக்கவங்க பயந்துருவாங்களேன்னு தெரியாதவன் மாதிரி உக்காந்தான்.” மூச்சு வாங்கினான். “நல்ல மனுசன்தான். ஆனா அவனுக்குப் பயந்து ஊரே மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கிதே. எம்புட்டு நாளைக்கு அடக்குவாங்க? அதனால சொல்ல வேண்டியது ஆபீசும் இல்ல, வீடும் இல்ல. ஃபெங்குதான். ‘எனக்குத் தெரியும்ப்பா, மூச்ச விடுங்க’ன்னு அவன்தான் முதல்ல சொல்லிருக்கணும். இதுதான் தீர்ப்பு.”

சமையலறைப் பக்கம் திரும்பினான்.

“உமையா, எனக்குத் தெரியும்.”

கைதட்டுவதா என்று யாருக்கும் புரியவில்லை. பியூன் அழுதுவிட்டார். உமையாள் கூட்டத்துக்கு நடுவே நடந்துவந்து சேவுகன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். சுவிட்சை அணைக்கத் தெரியவில்லை, அதனால் எல்லாருக்கும் கேட்டது.

“எப்பருந்து?”

“மார்கழி பொறக்குறதுக்கு முன்னாடியே.”

“பாவி மனுசா” என்றது ஒலிபெருக்கி, தெருக்கோடி வரைக்கும். “நான் துணி இளகிருச்சுன்னு சொன்னப்ப ஆமாம்னீங்களே.”

ஜனவரி 12

அரசு நாள் முழுக்கத் தூங்கினான். உமையாள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும், “அவர்ட்ட முதல்ல நீங்கதான அண்ணி சொன்னீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். ரசத்தை என் பக்கம் தள்ளினாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்கு உரிமையில்லை.

ஜனவரி 13

போகி. தெருவில் டயர் எரிக்காதீர்கள் என்று ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். எரித்தார்கள்.

கீழே சண்டை. மாடிவரை கேட்டது. மேடைகளில் போர்த்திய பொன்னாடைகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அத்தனையையும் எடுத்து முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடச் சொல்கிறான் அரசு. அவள் முடியாது என்கிறாள்.

“ஜரிகை குத்துது, போர்த்தவும் ஆகாது, துடைக்கவும் ஆகாது. இத வச்சுக்கிட்டு என்னாடி பண்ணப்போற?”

“அது என் இஷ்டம்.”

“அலமாரிய அடைச்சுக்கிட்டு...”

“அடைச்சா அடைக்கட்டும். பேசுறதெல்லாம் ஊருக்குப் பேசிட்டு வந்தீங்க, இது ஒண்ணுதான வீட்டுக்கு வந்துச்சு.”

“நான் போனதுக்கப்புறம் இந்தத் துணிய மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறியா?”

“உக்காந்திருப்பேன். உங்களுக்கென்ன? நீங்கதான் இருக்கப் போறதில்லயே!”

குரலில் அழுகை இல்லை. அசல் எரிச்சல். கல்யாணமான நாளிலிருந்து கேட்கும் அதே குரல், நவம்பருக்குப் பிறகு இன்றுதான் கேட்கிறேன். அவன் பதிலுக்கு ஏதோ சொன்னான். அவள் அதைவிடச் சத்தமாக ஏதோ சொன்னாள்.

நான் கீழே இறங்கவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்தேன்.